பிக்-அப் வண்டிக்குக் கனரக சாலிட் முன் ஆக்ஸில்: கோலாலம்பூர் வட்டாரப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரே கெட்டியான உறையால் இணைக்கும் சாலிட் ஆக்ஸிலைப் பொருத்துவது என்றவுடன், பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை ஏற்றுவதுதான் வேலை என்று இத்துறைக்குப் புதிதாக வருபவர்கள் எண்ணுகிறார்கள். ஏற்றுவது ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். ஸ்டீயரிங் தண்டுகள் எந்தச் சாய்வில் நிற்கும், பிரேக் ஹோஸ் எவ்வளவு இழுபடும், சக்கரம் மேட்டில் ஏறும்போது டிஃபரன்ஷியல் (சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரக் கூடு) எழும்பி எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தட்டை (ஆயில் பான்) இடிக்குமா, டிஃபரன்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் முன் புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம் போதுமா என்னும் கேள்விகளுக்கு விடை காண்பதிலேயே பெரும்பாலான உழைப்பு செலவாகிறது. அந்த விடைகள் அனைத்தும் சேசிஸில் முதல் வெட்டு விழுவதற்கு முன்பே அளவுகளாகத் தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இதில் உறுதியாக நிற்பவர்களின் வண்டிகள் நெடுஞ்சாலையில் நேராக ஓடுகின்றன. அவசரப்பட்டு வெட்டியவர்களின் வண்டிகள் பட்டறைக்குத் திரும்பத் திரும்ப வருகின்றன.

யாருக்கு இந்த மாற்றம் தேவை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் நாட்டுச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான பிக்-அப் வண்டிகளில் முன்சக்கரங்கள் இரண்டும் தனித்தனிக் கைகளில் தொங்குகின்றன. பழையவற்றில் டோர்ஷன் பாரும் (முறுக்கப்பட்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி), டொயோட்டா ஹைலக்ஸ் வீகோ போன்ற பிந்திய வண்டிகளில் காயில் ஸ்பிரிங்கும் அந்தக் கைகளைத் தாங்குகின்றன. தார்ச் சாலைக்கும், செம்பனைத் தோட்டத்தின் மண் பாதைக்கும், வாரக் கடைசியில் ஜண்டா பாய்க் வரை போய் வருவதற்கும் இந்த அமைப்பே தாராளமாகப் போதும். 35 அங்குல டயரைப் போட்டு, ஆழமான சேற்றுத் தடங்களிலும் ஆற்றுப் பாறைகளிலும் தொடர்ந்து ஓட்டுபவர்களுக்குத்தான் அதன் எல்லை தெரிய வரும்: கைகளின் அசைவு நீளம் போதாது, சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் சிவி ஜாயின்டுகள் கூர்மையான கோணத்தில் சுழன்று உடைகின்றன, சிறிய டிஃபரன்ஷியலின் பற்கள் தேய்கின்றன. 1997 முதல் மழைக்காலத்தை ஒட்டி இங்கே நடத்தப்பட்டு வரும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் காட்டுத் தடப் போட்டியைப் பார்த்தவர்களுக்கு, அத்தகைய தடங்களில் சாலிட் ஆக்ஸில் வண்டிகள் ஏன் விரும்பப்படுகின்றன என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒரு சக்கரம் மேலே தள்ளப்படும்போது மற்றது அதே தண்டால் கீழே அழுத்தப்படுகிறது. நடுவில் உள்ள டிஃபரன்ஷியலுக்கும் தரைக்கும் இடையிலான உயரமும் பெரிதாக மாறுவதில்லை.

அனுமதி முதலில்

சேசிஸ், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், பிரேக் ஆகிய நான்கையும் ஒருசேரத் தொடும் மாற்றம் இது. மலேசியாவில் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், வாகனங்களின் கட்டமைப்பு பற்றிய 1959ஆம் ஆண்டு விதிகளும் இத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துகின்றன. ஆகவே ஆக்ஸிலுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், உங்கள் வண்டியின் பதிவு விவரங்களோடு சாலைப் போக்குவரத்து இலாகாவின் அலுவலகத்திற்குச் சென்று, இந்த மாற்றத்திற்கு அனுமதி கிடைக்குமா, என்னென்ன வரைபடங்களும் பொறியாளர் சான்றுகளும் வேண்டும், வேலை முடிந்தபின் எந்த வகை ஆய்வுக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டும் என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பட்டறையில் ஒருவர் "எல்லாரும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள்" என்று சொல்வது அனுமதி ஆகாது. காப்புறுதி நிறுவனத்திற்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். அறிவிக்கப்படாத மாற்றம் உள்ள வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீடு மறுக்கப்படக்கூடும், அந்தச் சுமை உங்களோடு மட்டும் நில்லாமல் எதிரில் வந்த குடும்பத்தின் தலையிலும் விழும். அனுமதி கிடைக்காதென்றால், வண்டியைப் போட்டிக்கு மட்டும் என்று ஒதுக்கி, தடத்திற்கு லாரியில் ஏற்றிச் செல்வதே நேர்மையான வழி.

எந்த ஆக்ஸில்?

இங்கே கையில் கிடைப்பவை பெரும்பாலும் வலப்பக்க ஸ்டீயரிங் கொண்ட ஜப்பானிய வண்டிகளின் ஆக்ஸில்கள். பாதியாக வெட்டி இறக்குமதி செய்யப்பட்ட பழைய வண்டிகளை விற்கும் ஹாஃப்-கட் கடைகளிலும் பழைய உதிரிபாகக் கிடங்குகளிலும் தேடும்போது நான்கு பெயர்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

முதலாவது, ஹைலக்ஸ் எல்என்106 வண்டியின் முன் ஆக்ஸில். பட்டை ஸ்பிரிங் மேல் உட்காருவது, ரிங் கியர் (டிஃபரன்ஷியலின் பெரிய பல்வளையம்) 8 அங்குலம். ஹைலக்ஸ் குடும்பத்து வண்டிக்கு இதுவே மிக எளிதாகப் பொருந்தும். 33 அங்குல டயர் வரை, நிதானமாக ஓட்டுபவர்களுக்கு இது போதுமானது. இரண்டாவது, லேண்ட் குரூசர் 60 சீரிஸின் ஆக்ஸில். இதுவும் பட்டை ஸ்பிரிங் வகையே, ஆனால் ரிங் கியர் 9.5 அங்குலம், உறையும் தடிமன். மூன்றாவது, லேண்ட் குரூசர் 80 சீரிஸின் ஆக்ஸில். இது காயில் ஸ்பிரிங்கிலும் இரண்டு ரேடியஸ் கைகளிலும் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் ஒரு பான்ஹார்டு கம்பியிலும் நிற்பது. இதன் ரிங் கியர் 8 அங்குலம்தான் என்றாலும், ரிங் கியரைச் சுழற்றும் சிறு பல்சக்கரமான பினியன் உயரமாக அமைந்த வகை என்பதால் முன் ஆக்ஸிலாக இயங்கும்போது பற்களின் வலுவான பக்கத்தில் சுமை விழுகிறது, புரொப்பெல்லர் ஷாஃப்டின் சாய்வும் குறைகிறது. நான்காவது நிசான் பட்ரோல் ஒய்60, ஒய்61 வண்டிகளின் ஆக்ஸில். ரிங் கியர் 233 மில்லிமீட்டர், இதுவும் காயில் வகை. பட்ரோல் ஆக்ஸிலின் முரட்டுத்தனத்திற்கு நல்ல பெயர் உண்டு. அமெரிக்க டானா 60 பற்றி நண்பர்கள் ஆர்வமாகப் பேசுவார்கள், 9.75 அங்குல ரிங் கியர் கொண்ட அது உண்மையிலேயே வலிமையானதுதான். ஆனால் எட்டு ஸ்டட் (ரிம்மைப் பிடிக்கும் திருகு) கொண்ட அதன் ஹப்புக்கு ஏற்பப் பின் ஆக்ஸிலையும் ரிம்களையும் மாற்ற வேண்டிவரும்; சீல் ஒன்று போனாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். முதல் முறை செய்பவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

என் கருத்தில், புதியவர் பட்டை ஸ்பிரிங் ஆக்ஸிலையே தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டை ஸ்பிரிங் சுமையைத் தாங்குவதோடு ஆக்ஸிலை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் பிடித்து நிறுத்தும் வேலையையும் தானே செய்துவிடுகிறது. காயில் அமைப்பில் அந்தப் பிடிப்பு முழுவதையும் கைகளும் பான்ஹார்டு கம்பியும் செய்ய வேண்டும். ஒவ்வொன்றின் தாங்கியும் சரியான இடத்தில், சரியான உயரத்தில் வெல்டு செய்யப்பட வேண்டும். சாலையில் காயில் சுகமானது என்பதில் ஐயமில்லை, ஆயினும் அந்தச் சுகத்திற்கான கணக்கு கடினமானது.

வாங்குவதற்கு முன் நான்கு செய்திகளைச் சரிபார்க்க வேண்டும். ஒன்று, டிஃபரன்ஷியல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. உங்கள் வண்டியின் ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து (சுழற்சியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) முன் ஷாஃப்ட் இடப்பக்கம் வெளிவருகிறதா, வலப்பக்கம் வெளிவருகிறதா என்று அடியில் படுத்துப் பாருங்கள். ஆக்ஸிலின் டிஃபரன்ஷியலும் அதே பக்கம் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் ட்ரான்ஸ்ஃபர் கேஸையே மாற்ற நேரிடும். இரண்டாவது, அகலம்: ரிம் பொருந்தும் முகத்திலிருந்து எதிர்ப்பக்க முகம் வரை அளந்து, பின் ஆக்ஸிலோடு ஒப்பிடுங்கள். மூன்றாவது, ஸ்டட் அமைப்பு. ஹைலக்ஸ், லேண்ட் குரூசர் 60, 80, பட்ரோல் ஆகியவற்றில் ஆறு ஸ்டட்கள் 139.7 மில்லிமீட்டர் வட்டத்தில் அமைந்திருப்பதால் ரிம்களைப் பகிர்ந்துகொள்ள வாய்ப்புண்டு. லேண்ட் குரூசர் 105 சீரிஸில் ஐந்து ஸ்டட்கள் 150 மில்லிமீட்டர் வட்டத்தில் இருப்பதால் அது ஒத்துவராது.

நான்காவது கியர் விகிதம். முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். வேறுபட்டால், நான்கு சக்கர இயக்கத்தில் போட்டவுடன் இரண்டு ஷாஃப்டுகளும் ஒன்றையொன்று முறுக்கத் தொடங்கி, பிடிப்புள்ள தரையில் ட்ரான்ஸ்ஃபர் கேஸை உடைத்துவிடும். மூடியைக் கழற்ற முடிந்தால் பற்களை எண்ணுங்கள்: ரிங் கியரில் 41, பினியனில் 10 என்றால் விகிதம் 4.10; 37க்கு 9 என்றால் 4.11, இந்த இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தலாம். 43க்கு 10 என்றால் 4.30, அதை 4.10 உடன் சேர்க்கக் கூடாது. கழற்ற முடியாத நிலையில், ஒரு பக்கச் சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுபக்கச் சக்கரம் சரியாக இரண்டு சுற்று முடிக்கும்வரை பினியனைக் கையால் சுழற்றி, அதன் சுற்றுகளை எண்ணினால் விகிதம் கிடைக்கும். பெரிய டயர் போடுபவர்கள் இந்தக் கட்டத்திலேயே விகிதத்தை உயர்த்துவது பற்றியும் யோசிக்கலாம். 31 அங்குலத்திலிருந்து 35 அங்குலத்திற்கு மாறினால், பழைய 4.10 கொடுத்த இழுவையைத் திரும்பப் பெற ஏறத்தாழ 4.63 தேவைப்படும், வேகமானி 80 காட்டும்போது வண்டி 90ஐத் தொட்டிருக்கும் என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

மேசைமேல் புதுப்பித்தல்

வாங்கிய ஆக்ஸிலை அப்படியே வண்டியில் ஏற்றக் கூடாது. எத்தனை ஆண்டுகள் எந்த நாட்டுச் சேற்றிலும் உப்பிலும் ஓடியதோ தெரியாது. உறையைக் கழுவி, இரண்டு தாங்கிகளின்மேல் நிறுத்தி, சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் முனைப் பகுதிகளான நக்கிள்களை முழுவதும் பிரியுங்கள். டொயோட்டா வகையில் சக்கரத்தைத் திருப்பும் உருண்டைக் கூட்டுக்குள் சுழற்சியைச் சக்கரத்திற்குக் கடத்தும் பர்ஃபீல்டு ஜாயின்ட் இருக்கிறது. உள் சீல் கசிந்திருந்தால் டிஃபரன்ஷியல் ஆயில் அங்கே வந்து கிரீஸைக் கரைத்து, சூப்பைப்போல் ஆக்கியிருக்கும். பர்ஃபீல்டின் கூண்டிலும் மணி வடிவ வெளிப்பகுதியிலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சீல்கள், நக்கிள் திரும்பும் அச்சைத் தாங்கும் ட்ரனியன் பேரிங், வீல் பேரிங் ஆகிய அனைத்தையும் புதிதாகப் போடுவதே சரி. பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு இந்த இடத்தில் செய்யப்படும் சிக்கனமே காரணமாகிறது. ட்ரனியன் பேரிங்கின் இறுக்கத்தை ஷிம் தகடுகளால் சரிசெய்து, ஸ்பிரிங் தராசால் நக்கிள் கையை இழுத்து, அந்தந்த வண்டியின் பட்டறைக் கையேடு சொல்லும் அளவுக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பர்ஃபீல்டுக்கு மாலிப்டினம் கலந்த கிரீஸும், டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 தர கியர் ஆயிலும் உரியவை. உறையின் மூச்சுக் குழாயை நீட்டிப்பதற்கான ஹோஸையும் இப்போதே பொருத்திவிடுங்கள். சூடான ஆக்ஸில் ஆற்று நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து உறிஞ்சும். மூச்சுக் குழாயின் வாய் எஞ்சின் அறையில் உயரமாக இருந்தால் அது காற்றையே உறிஞ்சும், தாழ்ந்திருந்தால் தண்ணீரை உறிஞ்சும்.

வெட்டுவதற்கு முன் அளவுகள்

வண்டியைச் சமதளச் சிமெண்டுத் தரையில் நிறுத்தி, டயர்க் காற்றைச் சமப்படுத்தி, சேசிஸ் மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பிறகு கட்டடக்காரர்கள் பயன்படுத்தும் தூக்குக்குண்டைக் கொண்டு, இரு பக்கமும் முன்சக்கர மையத்தைத் தரையில் புள்ளியாகக் குறியுங்கள். பின் ஆக்ஸிலின் மையத்தையும், சேசிஸில் தொழிற்சாலை இட்டுள்ள துளைகளில் இரு பக்கமும் ஒத்த நான்கையும் அதேபோல் தரைக்கு இறக்குங்கள். இந்தப் புள்ளிகளுக்கிடையே நேராகவும் குறுக்காகவும் அளந்து எழுதிய தாள், பழைய சஸ்பென்ஷன் போன பிறகு உங்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி. குறுக்களவுகள் இரண்டும் ஒன்றாக வரவில்லையென்றால் சேசிஸ் ஏற்கெனவே வளைந்திருக்கிறது. அதை நிமிர்த்தாமல் மேற்கொண்டு போகக் கூடாது. புதிய ஆக்ஸிலைப் பழைய மையத்திலேயே வைப்பதா, பெரிய டயர் பின்புறத் தகட்டை உரசாமலிருக்க 25 முதல் 50 மில்லிமீட்டர் முன்னால் தள்ளுவதா என்பதையும் இந்தப் புள்ளிகளை வைத்தே முடிவு செய்யுங்கள்.

பழைய சஸ்பென்ஷனைக் கழற்றும்போது உயிருக்கு ஆபத்தான இடம் ஒன்றுண்டு. டோர்ஷன் பார் முறுக்கப்பட்ட நிலையில் பெரும் விசையைத் தேக்கி வைத்திருக்கிறது. அதன் சரிப்படுத்தும் போல்ட்டை முழுவதும் தளர்த்தி முறுக்கை விடுவித்த பிறகே கைகளின் போல்ட்டில் ஸ்பானரை வைக்க வேண்டும். வண்டி சேசிஸின் அடியில் வைத்த ஸ்டாண்டுகளில் நிற்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் அடியில் போகக் கூடாது. பிறகு பேட்டரியின் இணைப்பைக் கழற்றி, எரிபொருள் குழாய்களையும் பிரேக் குழாய்களையும் வெப்பம் படாதபடி அகற்றியோ மூடியோ வைத்து, பழைய தாங்கிகளை வெட்டத் தொடங்கலாம். சேசிஸை ஒட்டி வெட்டாமல் சில மில்லிமீட்டர் விட்டு வெட்டி, மிச்சத்தைக் கிரைண்டரால் மெதுவாகத் தேய்த்தெடுங்கள். சேசிஸ் தகட்டிலேயே பள்ளம் விழுந்தால் அந்த இடம் பிற்காலத்தில் விரிசல் தொடங்கும் இடமாகிவிடும்.

ஸ்பிரிங் தாங்கிகளும் கோணங்களும்

ஸ்பிரிங்கின் நிலையான கண் முன்னாலும், ஸ்பிரிங் நீள இடம் தரும் ஆடும் இணைப்பான ஷாக்கிள் பின்னாலும் இருக்கும்படி அமைப்பது சாலைக்கு நல்லது. மேட்டில் மோதும் சக்கரம் மேலும் பின்னுமாக விலகுவதால் அதிர்ச்சி குறைகிறது. தாங்கிகளை முதலில் சிறு சிறு புள்ளி வெல்டுகளால் மட்டும் நிறுத்துங்கள். ஸ்பிரிங் கட்டிலிருந்து முதன்மைப் பட்டையைத் தவிர மற்றவற்றைக் கழற்றிவிட்டு ஆக்ஸிலைப் பொருத்தினால், ஜாக்கியால் அதைக் கையசைவில் மேலும் கீழும் கொண்டுபோக முடியும். ஒரு பக்கத்தை உச்சிக்கு ஏற்றி, மறுபக்கத்தை முழுவதும் தொங்கவிட்டு, பின்பு மாற்றி, டிஃபரன்ஷியல் எஞ்சினின் ஆயில் பானுக்கு மிக அருகில் வருகிறதா, டயர் எங்கே உரசுகிறது, ஷாக்கிள் மடங்கிச் சேசிஸை இடிக்கிறதா என்று பாருங்கள். பம்ப் ஸ்டாப் எனப்படும் ரப்பர் தடுப்புகளின் உயரத்தை இந்தச் சோதனைதான் தீர்மானிக்க வேண்டும். ஆயில் பானுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் இடையே குறைந்தது இரண்டு விரல் அகலம் எஞ்சியிருக்க வேண்டும்.

அடுத்து காஸ்டர் கோணம். சக்கரம் திரும்பும் அச்சின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதே காஸ்டர். ஸ்டீயரிங்கை விட்டவுடன் அது தானாக நேராவதற்கும், நெடுஞ்சாலையில் வண்டி அலையாமல் ஓடுவதற்கும் இந்தச் சாய்வே காரணம். 3 பாகைக்குக் குறையாமலும் 6 பாகையை மீறாமலும் வைத்துக்கொள்ளலாம். சிக்கல் என்னவென்றால், சாலிட் ஆக்ஸிலில் காஸ்டரும் பினியனின் நோக்குக் கோணமும் ஒரே இரும்பில் கட்டப்பட்டவை. வண்டியை உயர்த்தியபின் ஷாஃப்டின் சாய்வைக் குறைப்பதற்காகப் பினியனை மேல்நோக்கித் திருப்பினால், அதே அளவு காஸ்டர் குறைகிறது. காஸ்டருக்காக எதிர்ப்புறம் திருப்பினால் பினியன் தரையைப் பார்க்கிறது. உறையின் இரு முனைகளிலும் உள்ள உருண்டைகளை வெட்டித் திருப்பி மீண்டும் வெல்டு செய்தால் இரண்டையும் தனித்தனியாக அமைக்கலாம், ஆனால் அது துல்லியமான தாங்குசட்டமும் தேர்ந்த லேத் பட்டறையும் வேண்டிய வேலை. அந்த வசதி இல்லாதவர்கள் காஸ்டருக்கே முதலிடம் கொடுக்க வேண்டும். ஷாஃப்டின் அதிர்வைப் பின்னர் இரட்டைக் குறுக்கு ஜாயின்ட் கொண்டு பெரிதும் தணிக்க முடியும். காஸ்டர் இல்லாத வண்டி காராக் நெடுஞ்சாலையின் இறக்கத்தில் ஓட்டுநரின் கையிலிருந்து நழுவப் பார்க்கும். உயரத்தையே குறைவாக வைத்துக்கொள்வது இதற்கெல்லாம் மேலான தீர்வு. தேவைக்கு மீறிய உயரம் எந்தத் தடத்திலும் பயன்படுவதில்லை, வண்டியை மட்டும் எளிதில் கவிழ்க்கிறது.

எல்லாம் சரியென்று உறுதியான பின்னர், வண்டியின் முழு எடையும் ஸ்பிரிங்கின்மேல் இருக்கும்போது அளவுகளை மீண்டும் எடுத்துவிட்டு, முழு வெல்டுக்குப் போகலாம். சேசிஸ் கம்பியின் குறுக்கே மேலிருந்து கீழாக ஒரே நேர்கோட்டில் வெல்டு இடக்கூடாது. வலுவூட்டும் தகடுகளின் முனைகளைச் சாய்வாக வெட்டி, சுமை படிப்படியாகப் பரவும்படி ஒட்ட வேண்டும். வெல்டு என்பது கண்ணுக்கு அழகாக இருந்து உள்ளே பிடிக்காமல் போகக்கூடிய ஒன்று என்பதால், சான்றிதழ் பெற்ற வெல்டரிடம் இந்தப் பகுதியைக் கொடுப்பதில் தயங்காதீர்கள். ஆறியபின் துரு நீக்கி, பிரைமரும் வண்ணமும் பூசி, சேசிஸின் உட்பக்கத்திற்கு மெழுகுத் தெளிப்பும் கொடுங்கள். நம் ஈரக் காற்றில் பூச்சில்லாத வெல்டு வெகு விரைவில் துருப்பிடிக்கிறது. ஆக்ஸிலை ஸ்பிரிங்கோடு பிணைக்கும் யு-போல்ட்டுகளைப் பொறுத்தவரை, பழையவற்றை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

ஸ்டீயரிங்

உயிர் தொங்கிக்கொண்டிருக்கும் பகுதி இதுவே என்பதால் இதற்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பிந்திய பிக்-அப்களில் உள்ள ரேக் வகை ஸ்டீயரிங்கைச் சாலிட் ஆக்ஸிலோடு இணைக்க முடியாது. அவற்றுக்குக் கியர் பெட்டி வகை ஸ்டீயரிங்கைச் சேசிஸில் புதிதாகப் பொருத்தி, அந்த இடத்தைத் தகடு வைத்து வலுவாக்க வேண்டும். பழைய டோர்ஷன் பார் ஹைலக்ஸில் ஏற்கெனவே உள்ள பெட்டியின் பிட்மன் கை (பெட்டியிலிருந்து வெளியே நீளும் ஆடும் கை) பக்கவாட்டில் அசைவதால், நக்கிள்மேல் உயரமான கைகளைப் பொருத்தி, பெட்டியிலிருந்து எதிர்ப்பக்கச் சக்கரத்திற்கு ஒரு நீண்ட டிராக் லிங்க் (இணைப்புத் தண்டு) கொடுப்பது எளிதாகிறது.

அந்த டிராக் லிங்க் எவ்வளவு கிடைமட்டமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அது செங்குத்தாகச் சாய்ந்திருந்தால், சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் தண்டின் வீச்சு மாறி, ஓட்டுநர் தொடாமலே சக்கரங்கள் திரும்பும். காயில் ஸ்பிரிங் வண்டியில் இன்னொரு நிபந்தனையும் சேர்கிறது: பான்ஹார்டு கம்பியும் டிராக் லிங்க்கும் ஒன்றுக்கொன்று இணையாகவும், கூடிய மட்டும் ஒரே நீளத்திலும் இருக்க வேண்டும், அப்போதுதான் இரண்டும் ஒரே வட்டப்பாதையில் அசையும். ஸ்டீயரிங் கைகளையும் தண்டுகளையும் வெட்டி ஒட்டி நீளம் சரிசெய்யும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அதை ஏற்காதீர்கள். தேவையான நீளத்தில் மரையிடப்பட்ட முழுத் தண்டாக வாங்குங்கள், பந்து மூட்டின் நட்டுக்குக் காட்டர் பின் போடாமல் ஒரு மீட்டர்கூட நகர்த்தாதீர்கள். நக்கிள் கைகளைப் பிடிக்கும் ஸ்டட்களையும் கூம்பு வளையங்களையும் புதிதாகவே போட்டு, கையேட்டு அளவுக்குத் திருகு விசை மானியால் இறுக்குங்கள்.

பிரேக்கும் ஷாஃப்டும்

கனமான ஆக்ஸிலோடு பெரிய காலிப்பர்கள் வருகின்றன. பழைய மாஸ்டர் சிலிண்டர் அவற்றுக்கு வேண்டிய அளவு திரவத்தைத் தள்ளாவிட்டால் மிதிகட்டை ஆழமாகப் போகும். அப்படியானால் அதே ஆக்ஸில் வந்த வண்டியின் மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்துவது பாதுகாப்பான தீர்வு. ஹைலக்ஸில் பின் ஆக்ஸிலோடு ஒரு கம்பியால் இணைக்கப்பட்ட சுமை உணர் வால்வு இருக்கிறது. வண்டியை உயர்த்தியவுடன் அது பின்பகுதியில் சுமை இல்லை என்று கருதிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். ஆகவே அதன் தாங்கியையும் உயரத்திற்கேற்ப மாற்ற வேண்டும். முன் ஹோஸ்கள், ஆக்ஸில் முழுவதும் தொங்கி, சக்கரம் ஓரம்வரை திரும்பிய நிலையிலும் தளர்வாக இருக்க வேண்டும். பிரேக் குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்றும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குவது வழக்கம். நம் வலப்பக்க வண்டிகளில் அது பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்ற வரிசையாகும். உங்கள் வண்டியில் ஏபிஎஸ் இருந்தால், சென்சார் இல்லாத பழைய ஆக்ஸில் வந்தவுடன் அது செயலிழக்கும். அனுமதி கேட்கும்போதே இதைத் தெரிவித்தாக வேண்டும்.

முன் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கடைசியாக அளந்து செய்யுங்கள். வண்டி தன் எடையில் நிற்கும்போது, ஷாஃப்ட் நீண்டு குறுக இடம் தரும் வழுக்கு மூட்டு நடுவில் இருக்க வேண்டும். ஆக்ஸில் தொங்கும்போது பிரிந்துவிடவோ, அமுங்கும்போது அடிமுட்டவோ கூடாது. இரு முனை நுகங்களும் ஒரே தளத்தில் அமைந்து, நீளம் மாற்றிய ஷாஃப்ட் சமநிலைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும்.

முதல் ஓட்டமும் அதன் பிறகும்

சாலையில் இறங்குமுன் டோ-இன் அளவை (முன்சக்கரங்கள் முன்புறம் உள்நோக்கி நெருங்கும் அளவு) 1 முதல் 3 மில்லிமீட்டருக்குள் வைத்து, வீல் அலைன்மென்ட் கடையில் காஸ்டரையும் அச்சிட்ட தாளாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வின்போதும் அது உதவும். முதல் ஓட்டம் வெறிச்சோடிய திடலில், நடைவேகத்தில் இருக்கட்டும். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, முழுத் திருப்பத்தில் டயர் எதையாவது தொடுகிறதா என்று பார்த்தபின் அக்கம்பக்கச் சாலைகளுக்குப் போகலாம். 20 கிலோமீட்டருக்குப் பிறகு நிறுத்தி, இரண்டு ஹப்புகளின் வெப்பத்தையும் புறங்கையால் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங் இறுக்கமாகவோ காலிப்பர் பிடித்துக்கொண்டோ இருக்கிறது. 100 கிலோமீட்டருக்குப் பிறகு யு-போல்ட், ஷாக்கிள், ஸ்டீயரிங் கை, பிட்மன் கை ஆகிய எல்லாவற்றையும் மீண்டும் இறுக்கிப் பாருங்கள். புதிய யு-போல்ட்டுகள் முதல் சுமையில் நிச்சயம் தளரும்.

குறிப்பிட்ட வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தவுடன் ஸ்டீயரிங் இரு பக்கமும் கட்டுக்கடங்காமல் ஆடத் தொடங்கினால், பிரேக்கை உதைக்காமல் ஆக்ஸிலரேட்டரை விட்டு மெல்ல வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள். தளர்ந்த ட்ரனியன் பேரிங், துளை பெரிதான பான்ஹார்டு போல்ட், தேய்ந்த பந்து மூட்டு, சமநிலையற்ற டயர், குறைந்த காஸ்டர் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இதற்குக் காரணமாக இருக்கும். அதிர்வை உறிஞ்சும் ஸ்டீயரிங் டாம்பர் ஒன்றை மாட்டினால் ஆட்டம் அடங்கியதுபோல் தோன்றும், காரணம் மட்டும் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். ஆகவே இந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகத் தேடிச் சரிசெய்த பிறகே டாம்பரைப் பற்றி யோசியுங்கள்.

காட்டுத் தடத்திற்குப் போக நாள் குறிக்கும்போது, ஒதுக்கப்பட்ட வனப் பகுதிகளில் நுழைய மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும் என்பதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். சக்கரம் முழுவதும் திரும்பிப் பாறையில் சிக்கி நிற்கும்போது எஞ்சினை அழுத்தாதீர்கள். பர்ஃபீல்டு உடைவது பெரும்பாலும் அந்த ஒரு நொடியில்தான். ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் நேராக்கி, வின்ச்சைப் பயன்படுத்துங்கள். ஆற்றைக் கடந்து வீடு திரும்பிய மறுநாள் காலையில், உள்ளே புகுந்த நீர் அடியில் படிந்தபின், டிஃபரன்ஷியலின் வடிகால் போல்ட்டைச் சிறிது தளர்த்தி முதல் துளிகளைப் பாருங்கள். தெளிந்த நீரோ பால் நிறக் கலவையோ வந்தால் ஆயிலை முழுவதும் மாற்றி, மூச்சுக் குழாயையும் பினியன் சீலையும் சோதிக்க வேண்டும். எப்படியானாலும், முதல் 1,000 கிலோமீட்டர் முடிந்ததும் ஆயிலை மாற்றி, வடிகால் போல்ட்டின் காந்தத்தில் ஒட்டியிருப்பதை விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள்: மாவுபோன்ற கரும்பசை இயல்பானது, உதிரியாகத் தட்டுப்படும் துண்டு எதுவானாலும் டிஃபரன்ஷியலைத் திறந்தாக வேண்டும்.